குச்சிப்பூச்சிகள் இருக்கும் வீடு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளைகளைப் பார்க்க அவர்கள் அத்தை வந்திருந்தார். குட்டிக்கு மட்டும் கவுனுக்கு அளவெடுத்தார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தோள், இடுப்பு, நீளம் என்று அளந்து, பேனாவால் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அடுத்து தனக்குத்தான் என்று பெரியவள் கையை விரித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் டேப் சுருண்டு பைக்குள் போய்விட்டது. "உனக்கு அடுத்த தடவைடா" என்றார். அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

இங்கே நாலு பேரும் சுகம். பெரியவளுக்கு இருமல் விட்டுவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். மாமா போனை நீட்டும்போதெல்லாம் அடுப்பில் ஏதோ இருப்பது போல எழுந்து போய்விடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

குச்சிப்பூச்சிகளைப் பற்றி மாமா சொல்லியிருப்பார். பெரியவளின் டீச்சர் ஒரு பெட்டியில் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைக் கொடுத்து, லீவு முடியும்வரை வைத்திருக்கச் சொன்னாராம். லீவு முடிவதற்குள் டீச்சருக்கு மாற்றலாகிவிட்டது. பூச்சிகள் நம் வீட்டில் தங்கிவிட்டன. காய்ந்த குச்சி மாதிரியே இருக்கும். தொட்டால் செத்தது போல விழும். குட்டி அதைப் பார்த்துவிட்டு, நான் குளிக்கக் கூப்பிடும்போதெல்லாம் அப்படியே விழுகிறாள். ஒரு நத்தையும் இருக்கிறது. அது குழாயடியில் தானாக வந்தது.

அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது வீடா, பூச்சிப் பண்ணையா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க சித்திக்கு வாய் இருக்கா இல்லையா?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். பெரியவள், "இருக்கு. எங்ககிட்ட மட்டும்தான் திறக்கும்" என்றாள்.

போகும்போது வாசலில் மாமாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "சின்னவள நான் வளர்க்கிறேன். எனக்கு யாரு இருக்கா? தைக்கிற கடையும் வீடும் சும்மாத்தானே கெடக்கு." மாமா, "அவளக் கேக்கணும்" என்றார். அவள் என்றது உன்னைத்தான்.

நீ என்ன சொல்கிறாய் அக்கா? சீக்கிரம் எழுது. முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

உன் தங்கை

பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. நானும் இருக்கிறேன். முழங்கால் அப்படியேதான். இந்த முதியோர் இல்லத்தில் சலவை அறை தரைக்குக் கீழே இருக்கிறது. போர்வைக் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். மேலே வந்தால்தான் வெளியே வெயிலா மழையா என்று தெரியும்.

குச்சிப்பூச்சி என்ன தின்னும்? கடிக்குமா? தண்ணீர் எப்படிக் குடிக்கும்? இங்கே என்னோடு வேலை செய்கிறவளிடம் சொன்னேன், நம்பமாட்டேன் என்கிறாள். நத்தையை உப்புப் பக்கம் போகவிடாதே, கரைந்துவிடும். அது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

பெரியவளுக்கு இருமல் திரும்ப வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

குச்சிப்பூச்சி கடிக்காது. ரோஜா இலை தின்னும். இலைமேல் தெளிக்கிற தண்ணீரைத்தான் குடிக்கும். ரோஜாச் செடி கீழ்வீட்டு மெக்கானிக்கிடம் இருக்கிறது. அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் அவர் ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருக்கும் நேரம் பார்த்துப் பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அடியிலிருந்தே குரல் வந்தது. "பூவ விட்டுட்டு இலைய மட்டும் திருடுற முதல் ஆளு நீதாம்மா. ரெண்டு பூவும் சேத்துப் பறிச்சுக்கோ, எனக்கும் மரியாதையா இருக்கும்." நான் ஓடி வந்துவிட்டேன். மறுநாள் படிக்கட்டில் ஒரு கட்டு இலை வைத்திருந்தார்.

இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். பெரியவள்தான் மேனேஜர். கை கழுவிக் காட்டினால்தான் பெட்டியைத் திறப்பாள். நத்தைக்கு முட்டை ஓட்டை இடித்துப் போடுவது குட்டியின் வேலை. அது தின்றால் கூடு கெட்டியாகுமாம். குட்டி தானும் கொஞ்சம் தின்று பார்த்தாள். பயப்படாதே, துப்ப வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு அத்தை மறுபடி வந்தார். மூன்று கவுன் தைத்துக் கொண்டுவந்திருந்தார். மூன்றும் குட்டிக்கு. கீழே நாலு விரல் மடித்துத் தைத்திருக்கிறார், "வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம்." குட்டி சந்தோஷத்தில் பெரிய பூச்சி ஒன்றை எடுத்து அத்தையின் கையில் விட்டுவிட்டாள். அவர் முகம் வெளுத்துப்போனது. ஆனால் உதறவில்லை அக்கா. அது முழங்கை, தோள் என்று ஆடி ஆடி ஏறிக் காதருகே வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எடுத்துருடி தங்கம், எடுத்துரு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். குட்டி எடுத்த பிறகு அவளை முத்தமிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மாமா பால் லாரியில் போனால் வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருக்கிறார். கேட்டால், "உங்கக்கா சொல்லட்டும், நான் என்னத்த சொல்றது" என்கிறார். நீ போன கடிதத்தில் அதைப் பற்றி எழுத மறந்துவிட்டாய். குட்டியை அனுப்பலாமா, கூடாதா?

கையில் சோப்புத்தூள் பட்டுப் புண்ணாகியிருந்ததே, ஆறிவிட்டதா?

உன் தங்கை

ஏப்ரல் 5

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். கைப்புண் ஆறிவிட்டது, உறை போட்டுக்கொள்கிறேன். உங்கள் சுகத்தை மாமா போனில் சொன்னார்.

மெக்கானிக் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். சத்தம் வந்துவிட்டது, மேற்பார்வை அம்மா எட்டிப் பார்த்தாள். அவரிடம் ஒரு நாளாவது வாயைத் திறந்து நன்றி சொல்.

பூச்சிப் பெட்டியை வாரத்துக்கு ஒரு தடவையாவது சுத்தம் செய். இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு ஆகாது.

அத்தை நல்லவள்தான். நான் கல்யாணமாகி வந்தபோது முதல் ரவிக்கை அவள்தான் தைத்துக் கொடுத்தாள். அளவே எடுக்கவில்லை, கண்ணால் பார்த்தே தைத்தாள். சரியாக இருந்தது.

இங்கே குளிர் விட்டுவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கை ஆறியதில் நிம்மதி. எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை.

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். நீ சொல்வதற்கு முன்பிருந்தே பெட்டியை வாராவாரம் சுத்தம் செய்துகொண்டுதான் இருந்தேன். அடியில் கிடக்கும் எச்சம், காய்ந்த இலை எல்லாவற்றையும் கூட்டிப் பின்பக்கச் சந்தில் கொட்டிவிடுவேன். பிள்ளைகள் தினமும், "முட்டை போட்டுச்சா சித்தி?" என்று இலை இலையாகத் தேடுவார்கள். இல்லை என்பேன். போன வாரம் பெரியவள் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் படம் பார்த்து வந்தாள். குச்சிப்பூச்சியின் முட்டை சின்ன விதை மாதிரி இருக்குமாம், எச்சத்தோடு எச்சமாகக் கீழே கிடக்குமாம். நான் இத்தனை வாரமாகக் கூட்டிக் கொட்டியது அதைத்தான்.

மூன்று பேரும் டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு சந்தில் உட்கார்ந்தோம். மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்து, "தங்கம் கெடக்கா?" என்றார். "முட்டை" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஒரு கைப்பிடி கிடைத்தது. ஒன்றும் கெடவில்லை, கெட்டியான ஓடு. ஈர மணலில் போட்டு வைத்திருக்கிறோம். பொரிக்க மாதக்கணக்கில் ஆகுமாம்.

அதற்குப் பிறகு பூச்சியைக் கவனித்துப் பார்த்தேன். கூடு கட்டுவதில்லை, புதைப்பதில்லை. இலை தின்றுகொண்டிருக்கும்போதே வால் பக்கம் ஒரு சொட்டு விழுகிற மாதிரி முட்டை விழுகிறது. அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. குட்டி, "அதுக்குப் பாசமே இல்லையா சித்தி?" என்று கேட்டாள். அது அப்படித்தான், பெற்றதோடு அதன் வேலை முடிந்தது, குஞ்சு தானாக வளர்ந்துகொள்ளும் என்றேன்.

அத்தை ஒன்று சொன்னார். உனக்கு ஜனவரியில் லீவு கொடுத்தார்களாம், நீதான் வரவில்லையாம். மாமா அது வேறு யாருக்கோ என்கிறார்.

அத்தை கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தெரிந்தால், குட்டியை எங்கே சேர்ப்பது என்று பார்க்கலாம்.

வெயில் நேரத்தில் தண்ணீர் நிறையக் குடி.

உன் தங்கை

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ சுகமாக இருப்பதாக மாமா சொன்னார். போனில் குரல் நன்றாக இருந்ததாம். நாங்களும் சுகம்.

பெரிய பூச்சிகள் இரண்டு செத்துவிட்டன. வயதாகித்தான். குட்டி ஒரு நாள் முழுக்க அவை நடிக்கின்றன என்று காத்திருந்தாள். பிறகு அவளே எடுத்து ரோஜாத் தொட்டியில் வைத்தாள்.

பெரியவள் உனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். ஒட்டித்தான் கொடுத்தாள். நான் பிரிக்கவில்லை, அப்படியே இதோடு வைத்து அனுப்புகிறேன்.

உன் தங்கை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா? நத்தை நலம். நான் கணக்கில் முதல். சித்தி குப்பையில் முட்டை தேடியபோது எலி வந்தது, சித்தி கத்தியது தெருவுக்கே கேட்டது. சித்திக்கு இவ்வளவு குரல் இருக்கா என்று எல்லாரும் சிரித்தார்கள்.

குட்டி சித்தியை அம்மா என்று கூப்பிடுகிறாள். கூடாது, சித்தி சொல்லு என்று சித்தி சொல்வாள். தூக்கத்தில் கூப்பிட்டால் ஒன்றும் சொல்வதில்லை, தட்டிக் கொடுப்பாள். நான் அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் பெரியவள், எனக்கு உன் முகம் ஞாபகம் இருக்கிறது.

எனக்கும் கவுன் வேண்டும் என்று அத்தையிடம் நீ சொல்லு.

இப்படிக்கு, மேனேஜர்

ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் என்று நம்புகிறேன். இதற்காக உட்கார்ந்து சில தாள்களைக் கிழித்துவிட்டேன்.

உன் முட்டைக் கடிதம் வந்த அன்று போர்வை மடித்துக்கொண்டே படித்தேன். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தாய். நீ பூச்சியைத்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். உனக்குக் குத்திப் பேசத் தெரியாது. தெரிந்திருந்தால் திருப்பி நாலு வார்த்தை எழுதிச் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அன்று எல்லாப் போர்வையையும் மடித்து முடித்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இப்போதெல்லாம் ஒன்றும் ஆவதில்லை.

லீவு கொடுத்தது உண்மை. பை கட்டினேன். பிறகு அவிழ்த்து வைத்தேன். வந்தால் குட்டி உன் முதுகுக்குப் பின்னால் ஒளிவாள். அவளைச் சரிக்கட்டி மடியில் உட்கார வைப்பதற்குள் நாள் முடிந்துவிடும். மறுபடி கிளம்ப வேண்டும். அதற்கு வராமலே இருக்கலாம் என்று தோன்றியது. பெரியவள் எழுதியதைப் படித்தேன். அவளைத் திட்டாதே. குட்டி தூக்கத்தில் கூப்பிட்டால் நீ பதில் சொல்லலாம்.

அத்தையிடம் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுக்காதே என்று சொல்லவும் வரவில்லை. பெற்றுவிட்டு இங்கே இருப்பவள் எந்த முகத்தோடு கொடுக்காதே என்பது? உன்னை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியதும் நான்தான். ஒரு பிள்ளை குறைந்தால் நீ திரும்பப் படிக்கலாமோ என்றும் நினைத்தேன். பிள்ளையைக் குறைப்பது என்று எழுதிவிட்டேன் பார்.

முடிவை நீ சொல். நீ எது செய்தாலும் நான் செய்ததாக இருக்கட்டும்.

உடம்பைக் கவனி.

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாகச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். நாங்கள் சுகம்.

அந்த முட்டை விஷயத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதும்போது தெரியவில்லை.

எனக்கு முடிவு சொல்லத் தெரியாது அக்கா. கடையில் எடை குறைந்தால்கூடக் கேட்காமல் வாங்கி வருகிறவள் நான். உன் கடிதத்தைப் படித்த பிறகு அழுகை வரும் என்று பாத்ரூமில் போய் நின்றேன். வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டேன், வாளி நிறைந்ததும் மூடினேன்.

முடிவான மாதிரிதான் எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லாததால் மாமா சரி என்று எடுத்துக்கொண்டார். அத்தை அடுத்த மாதம் முதல் ஞாயிறு காரோடு வருகிறார். பிள்ளைகள் பாகம் பிரித்துவிட்டார்கள். குச்சிப்பூச்சி குட்டிக்கு, நத்தை பெரியவளுக்கு. முட்டைகளைப் பாதிப் பாதியாக எண்ணி வைத்தார்கள். ஒன்று மிஞ்சியது. அதற்காக அடித்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு வார்த்தை எழுது. சரி என்றாவது வேண்டாம் என்றாவது. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

உன் தங்கை

ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை. இங்கே மழை பிடித்துவிட்டது, துணி காய்வதில்லை. அங்கேயும் மழையானால் பிள்ளைகளை நனையவிடாதே. ரோஜா இலை கிடைக்காவிட்டால் கொய்யா இலையும் கொடுக்கலாம் என்று இங்கே ஒரு நர்ஸ் சொன்னாள். கழுவிக் கொடு.

அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், கடைசியில் மறந்துபோகும். நீ சுகமா? நாங்கள் நாலு பேரும் சுகம்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

அத்தை நேற்றுக் காலையிலேயே வந்துவிட்டார். பெரியவளுக்கும் இரண்டு கவுன் தைத்திருந்தார். அது போதாதென்று, கொசுவலைத் துணியில் ஜிப் வைத்து, உள்ளே கம்பி கொடுத்து, சதுரமாக ஒரு கூண்டு தைத்துக் கொண்டுவந்தார். பூச்சிகளுக்கு. "வழியில மூச்சு முட்டக் கூடாதுல்ல" என்றார். ஒவ்வொரு மூலையிலும் இரட்டைத் தையல். அவருக்கு இன்னும் அருவருப்புத்தான், பெட்டியைத் திறந்தபோது தலையைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கூண்டைக் கையில் வாங்கியபோது, என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

குட்டிக்குத் தலை சீவி, புது ஷூ மாட்டிவிட்டார். மாமா பையை எடுத்துக்கொண்டு கீழே போனார். பெரியவள் நத்தையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். குட்டி என் துணியைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, நீயும் கார்ல வர்றியா?" என்றாள். நான் இல்லை என்றேன். "அப்ப நான் எப்ப வரணும்?" என்றாள். அத்தை, "லீவுக்கு லீவு வரலாம் தங்கம்" என்றார். குட்டி சரி என்று தலையாட்டினாள். பிறகு அப்படியே தரையில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டாள். குளிக்கக் கூப்பிடும்போது விழுவாளே, அந்த மாதிரி. ஆனால் இந்தத் தடவை இமைகூட ஆடவில்லை.

"அவ வர மாட்டா" என்றேன்.

"என்ன முணுமுணுக்கிற?"

"அனுப்ப முடியாது."

அத்தை என்னையே பார்த்தார். "இத்தனை மாசமா வாயத் தொறக்காம இருந்துட்டு, வாசல்ல கார நிறுத்தினப்புறம் பேசுறியா? உங்கக்கா சொன்னாளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை.

"இல்ல. நான்தான் சொல்றேன்."

"நீ யாருடி சொல்றதுக்கு?"

அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் என்ன, புள்ளைய அடிக்கிறவளா? சோறு போடாதவளா? சொல்லு." "இல்ல, நீங்க நல்லாப் பாத்துக்குவீங்க" என்றேன். "பின்ன என்ன?" என்றார். "தெரியல" என்றேன். ஒன்றும் தோன்றவில்லை அக்கா. கீழே மாமா ஹார்ன் அடித்தார். பெரியவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அப்பா, பைய மேல கொண்டு வாங்க" என்று கத்தினாள்.

அத்தை எழுந்து, குட்டியைத் தூக்கக் குனிந்தார். பாதியிலேயே நின்று, நிமிர்ந்து, தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மறுபடி வருவாரா, மாமாவைப் பேச வைப்பாரா, எனக்குத் தெரியாது.

நான் தரையில் உட்கார்ந்து குட்டியின் ஷூவைக் கழற்றினேன். ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றில் வார் இறுகியிருந்தது. நகத்துக்கு வரவில்லை. குனிந்து பல்லால் இழுத்துக் கழற்றினேன்.